"அம்மா, நாம என்ன ஆளு?" – ஏழாம் வகுப்புப் பையன் கேட்ட கேள்வி

கேள்வி: கடலூர் முதுநகர் வாசகி, 14 ஜூன் 2025

பையன் ஏழாவது. பள்ளி திறந்து ரெண்டு வாரம் ஆகுது. நேத்து சாயங்காலம் பையைக் கழட்டி வச்சதும் கேட்டான்: "அம்மா, நாம என்ன ஆளு?" யார்றா கேட்டதுன்னேன். பக்கத்துல உக்கார்ற பையனாம். "எங்கம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க"ன்னானாம். வீட்டுக்காரர் "மனுஷ ஆளுன்னு சொல்லு" என்கிறார். மாமியார் "சொன்னா என்ன, நாம என்ன கொறஞ்சவங்களா" என்கிறார். எனக்கு ரெண்டும் சரியாப் படலை. பள்ளியில போய்ச் சொன்னா அந்தப் பையனை அடிச்சிடுவாங்களோ, அப்புறம் என் பையனை யாரும் சேர்த்துக்க மாட்டாங்களோன்னு பயமா இருக்கு. என்ன சொல்லி அனுப்பறது?

14 ஜூன், இரவு 10.15

அந்தப் பையன் மேல் கோபம் வேண்டாம். கேள்வி அவன் வீட்டு அடுப்படியில் கிளம்பியது. அவன் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான், அவ்வளவுதான்.

22 வருஷமாகக் கடலூரைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்துகிறேன். இந்தக் கேள்வி ஆறாம் வகுப்பில்தான் தலைகாட்டும். ஐந்தாவது வரை ஒரே ஊரில் படித்தவர்கள் ஆறாவதில் நாலைந்து ஊர்களிலிருந்து வந்து சேருவார்கள். "எந்த ஊரு?" "எந்தத் தெரு?" "கோயில் தெருவா, ரோட்டுக்கு அந்தப் பக்கமா?" நேராகச் சாதிப் பெயர் கேட்க மாட்டார்கள். தெருவைக் கேட்டாலே போதும் என்பது பதினோரு வயதில் தெரிந்திருக்கும். முதுநகரில் தெருவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாமல் "என்ன ஆளு" என்றே கேட்டிருக்கிறார்கள் போல.

வகுப்பாசிரியரைப் பாருங்கள். கேட்ட பையன் பெயரைச் சொல்லாதீர்கள். பிள்ளைகளைப் பெயர் வரிசைப்படி உட்கார வைத்திருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு சொன்னதில் இதுவும் ஒன்று, உத்தரவே இருக்கிறது. தானாகப் போய் உட்காரச் சொன்னால் தெருத் தெருவாகத்தான் உட்காருவார்கள். அகர வரிசையில் தெரு கலைந்துவிடும். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

பையனிடம் "மனுஷ ஆளு" என்றே சொல்லச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரர் சொன்னது நல்ல பதில்.

15 ஜூன், காலை 6.50

நேற்று எழுதியதில் திருத்தம். உத்தரவு என்றேன், சந்துரு குழு சொன்னது பரிந்துரைதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகுதான் அரசு இந்த ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் 18-ல் அறிக்கை முதல்வர் கைக்குப் போனது. பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது, கையில் நிறக் கயிறு கூடாது, ஆசிரியர்கள் பிள்ளையின் சாதியை வெளியே தெரியும்படி பேசக் கூடாது, அகர வரிசையில் அமர்த்த வேண்டும் என்று நிறைய உண்டு. எங்கள் பள்ளியில் அகர வரிசையை நாங்களாகத்தான் செய்கிறோம். மேலிருந்து யாரும் வந்து பார்ப்பதில்லை.

15 ஜூன், இரவு 9.40

விருத்தாசலம் நண்பர் கேட்டது: "மனுஷ ஆளுன்னு சொல்லச் சொல்றீங்களே, யாருக்கு அந்த பதில் செல்லும்? எங்க தெருப் பையன் அப்படிச் சொன்னா, மறைக்கிறான்னுதான் அர்த்தம் எடுப்பாங்க."

நாள் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்வது சரி, நேற்று நான் எழுதியது அவசரம். "எங்க வீட்ல சாதியே பேச மாட்டோம்" என்று சொல்ல முடிகிறவர்கள் பெரும்பாலும் சாதியால் அடி வாங்காதவர்கள். அடி வாங்குகிற வீட்டுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை முதன்முதலில் யார் வாயிலிருந்து காதில் விழுகிறது என்பதே பெரிய விஷயம். வசவாக விழுவதற்கு முன் அம்மா வாயிலிருந்து விழ வேண்டும். நாம் யார், பாட்டன் பூட்டன் எதைத் தாங்கினார்கள், யார் எழுந்து நின்றார்கள் என்று கதையாக. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிப் பள்ளி நடத்திய கதை இந்த மாவட்டத்துப் பிள்ளை எல்லோருக்கும் தெரிய வேண்டியது. எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

மறுபக்கத்து வீடாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், கதை மட்டும் வேறு. நம் வீட்டில் என்ன செய்தார்கள், அது ஏன் தப்பு என்று.

முதுநகர் அம்மா, நீங்கள் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. இங்கே எழுதவும் வேண்டாம். பையனிடம் வீட்டில் பேசிவிடுங்கள். வெளியில் யார் கேட்டாலும் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "எங்கம்மாகிட்ட உங்கம்மாவையே கேக்கச் சொல்லுடா" என்றால் போதும். கேள்வி வந்த வழியே திரும்பிவிடும்.

17 ஜூன், இரவு 11.05

பிள்ளைகள் எங்கிருந்து கற்றுக்கொள்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். வீட்டைச் சொல்வது சுலபம். நான் கற்றுக்கொடுத்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

2006. வேலைக்கு வந்து மூன்று வருஷம். ஆறாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. உதவித்தொகைப் பட்டியல் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் பெயராகப் பார்த்தால் முக்கால் மணி நேரம் ஆகும். வகுப்பில் நின்று, "எஸ்சி, எஸ்டி பசங்க எல்லாம் எழுந்திருங்க" என்றேன். எழுந்தார்கள். எண்ணி எழுதிக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

ஒரு பெண் எழுந்திருக்கவில்லை. நோட்டில் தலைப்புக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கேலை வைத்து, ஒரே கோட்டைத் திரும்பத் திரும்ப. பார்த்தேன், ஆனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச்சில் அவள் அம்மா வந்தார். "எல்லாப் புள்ளைங்களுக்கும் பணம் வந்துச்சாமே, எங்க புள்ளைக்கு மட்டும் ஏன் வரல டீச்சர்?" பதிவேட்டை எடுத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்த வருஷப் பணம் போனது போனதுதான். அவள் அம்மாவிடம் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. நிஜத்தைச் சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

உட்கார்ந்திருந்த மீதிப் பிள்ளைகளுக்கும் அன்றைக்கு ஒரு பாடம் நடந்தது. யார் யார் எழுந்தார்கள் என்று அவர்களும் பார்த்தார்கள். அதுவரை தெரியாத பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு வரிசையில் அன்று வித்தியாசம் இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை. இருந்திருக்கும்.

18 ஜூன்

இப்போது எப்படிச் செய்கிறீர்கள் என்று மூன்று ஆசிரியர்கள் கேட்டிருக்கிறீர்கள். விவரமெல்லாம் எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் இருக்கிறது, பிள்ளையை எழுப்பிக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பழுப்பு உறை வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு உறை. உதவித்தொகைப் படிவம் போக வேண்டியவர் உறையில் அது, மற்றவர் உறையில் பெற்றோர் கூட்டத் தாளோ மருத்துவ முகாம் தாளோ. எல்லோரும் ஒரே மாதிரி உறையோடு வீட்டுக்குப் போவார்கள். ஒட்டித்தான் கொடுக்க வேண்டும். முதல் தடவை ஒட்டாமல் கொடுத்தேன், பஸ்ஸிலேயே பிரித்துப் பார்த்துவிட்டார்கள்.

22 ஜூன், ஞாயிறு

"இவ்வளவு பேசறீங்களே, நீங்க என்ன ஆளு டீச்சர்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதுநகர் பையனிடம் கேட்ட அதே கேள்வி. பதில் சொல்லாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பையனுக்குக் கட்டாயமில்லை என்றேன். எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஊர்த்தெருக்காரி. எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் ஒரு அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். நடவுக்கு வருகிறவர்களுக்கு அதில்தான் தண்ணீர். ஐந்தாவது படிக்கும்போது என்னோடு உட்காரும் தோழி கணக்கு நோட்டு வாங்க வீட்டுக்கு வந்தாள். வெயில். தண்ணீர் கேட்டாள். நான் உள்ளே ஓடிப் பித்தளைச் செம்பை எடுத்தேன். ஆத்தா என் கையிலிருந்து செம்பை வாங்கி வைத்துவிட்டு, "அதுல குடு" என்று கொட்டகையைக் காட்டினார். நான் அந்த டம்ளரை உருவித் தூசி ஊதிக் கொடுத்தேன். அவள் வாங்கிக் குடித்தாள். நோட்டை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் நோட்டைப் பள்ளியில் கொடுத்தாள், வீட்டுக்கு வரவில்லை. பிறகு ஒருநாளும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவும் இல்லை. பத்து வயது என்பது சமாதானம் ஆகாது. கொட்டகைக்குப் போனதும் டம்ளரை உருவியதும் என் கைதான்.

இந்த மாவட்டத்தில் தண்ணீருக்கு ஒரு பெரிய கதை உண்டு. காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள், பின்னாளில் எம்.பி. ஆனவர், நாடு முழுவதற்கும் தீண்டாமை பற்றி ஆராய 1965-ல் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர். பள்ளியில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த பானையை மாணவனாக இருந்தபோது அவர் உடைத்தார் என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். இன்று நான் பார்த்த எந்தப் பள்ளியிலும் தனிப் பானை இல்லை. எங்கள் பள்ளியில் ஆர்ஓ குழாய் இருக்கிறது, ஆளுக்கொரு பாட்டிலும் இருக்கிறது.

பாட்டிலைக் கவனியுங்கள். "அண்ணாந்து குடி, வாய் வைக்காத" என்பது சுத்தமான பழக்கம், எல்லோருக்கும் சொன்னால். ஒரே பாட்டிலில் மூன்று பேர் வாய் வைத்துக் குடித்த பிறகு நாலாவது ஆளிடம் மட்டும் "அண்ணாந்து குடிடா" என்கிற குரலைப் போன வருஷம் என் காதாலேயே கேட்டேன். எரவாணத்து டம்ளர் எங்கேயும் போகவில்லை.

29 ஜூன்

பாகூர் வாசகர் எழுதியதற்கு. "எங்க பக்கம் சாதியை விட இங்கிலீஷ்தான் பெரிய சாதி" என்கிறார். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிய பிறகு, தமிழ் வழியில் படித்த தம் மகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்றும், திறந்தால் சிரிக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். சந்துரு குழு தமிழ்நாட்டுக்கு மட்டும்தான். ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு எல்லைக்கு இரண்டு பக்கமும் உண்டு. உடல் தண்டனை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதும் அதன்படி கூடாது. சிரித்த பிள்ளைகளுக்கு அது பொருந்தாது, வேடிக்கை பார்த்த ஆசிரியர் அதைப் படிக்கலாம். எட்டாத இடத்துக்கு விஷயம் போனால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்விக்கென்று 14417.

பரங்கிப்பேட்டை அன்பர் மதம் பற்றி ஏன் பேசவில்லை என்றார். பேசுகிறேன். இந்த வருஷம் பிப்ரவரி 23, ஞாயிறு, துபாயில் சாம்பியன்ஸ் டிராபி ஆட்டம். பாகிஸ்தானை ஜெயித்தோம். மறுநாள் எட்டாம் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் குரல்: "உங்க டீம் தோத்துடுச்சே, பாவம்." யாரிடம் சொன்னார்கள் என்று திரும்பாமலே தெரிந்தது. வகுப்பில் ஒரே ஒரு முஸ்லிம் பையன். நான் திரும்பினேன். என்ன சொல்வதென்று வாய்க்கு வருவதற்குள் மூன்றாவது வரிசைப் பையன் ஒருவன் சொன்னான்: "டேய், அவன்தான்டா நம்ம ஸ்கூல் கீப்பர். அவன் டீம் நம்ம டீம்." அதோடு முடிந்தது. நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அது வந்திருக்காது.

பின்லாந்தில் டுர்க்கு பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய கிவா என்ற திட்டம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. சீண்டுகிறவனையும் சீண்டப்படுகிறவனையும் விட, சுற்றி நின்று பார்க்கிறவர்களிடம் அதிக வேலை செய்வார்கள். சீண்டுகிறவனுக்கு வேண்டியது அவர்களுடைய சிரிப்பு. அது கிடைக்காவிட்டால் அவனுக்கு அங்கே வேலை இல்லை.

30 ஜூன், காலை

பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அந்தப் பையன் கீப்பராக இல்லாமல் இருந்திருந்தால்? பந்தே பிடிக்கத் தெரியாத பையனாக இருந்திருந்தால் யார் அவனுக்காகப் பேசியிருப்பார்கள்? திறமை காட்டினால்தான் "நம்ம டீம்" என்றால், திறமை இல்லாத பிள்ளை எங்கே போகும்? நேற்று அதைச் சந்தோஷமாக எழுதிவிட்டேன். சந்தோஷம்தான், ஆனால் அரைச் சந்தோஷம்.

7 ஜூலை

இன்று வந்த அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். அரசு மாணவர் விடுதிகள் எல்லாம் இனி 'சமூக நீதி விடுதி'. பெயர்ப் பலகை மாறினால் எல்லாம் மாறிவிடுமா என்று சிலர் கேட்கிறீர்கள். என் வகுப்பில் முன்பு படித்த விடுதிப் பையன் ஒருவன் சாயங்காலம் பஸ்ஸில் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்து போவான். விடுதி வாசல் பலகையில் 'ஆதிதிராவிடர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அவன் அங்கே இறங்குவதைப் பஸ்ஸில் இருக்கிறவர்கள் பார்க்கக் கூடாது என்பதற்காக ஒன்றரை கிலோமீட்டர் நடை. அவனுக்குப் பலகை முக்கியம்.

ஏப்ரல் 29-ல் சட்டமன்றத்தில் 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சொன்னார்களே, அதுவும் இதே வகைதான். குடியிருப்பு என்றுதான் அந்த வார்த்தைக்குப் பொருள். எங்கள் பிள்ளைகள் வாயில் "காலனிப் பசங்க" என்று வரும்போது குடியிருப்பு தெரிவதில்லை.

13 ஜூலை, ஞாயிறு – கொஞ்சம் நீளம்

"சேர்த்து உட்கார வைத்தால் போதுமா?" பண்ருட்டி நண்பரின் கேள்வி.

போதாது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு வருஷம் முழுக்கப் பேசாமல் இருக்க முடியும், பார்த்திருக்கிறேன். கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே இதை எழுதினார். சும்மா அருகருகே இருப்பது வெறுப்பைக் கரைக்காது. இரண்டு பக்கமும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவாக ஒரு குறி வேண்டும், அதை அடைய ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட வேண்டும், மேலே இருக்கிறவர்களின் ஆதரவு வேண்டும். நாம் மேலே இருக்கிறவர்கள் என்பதை ஆசிரியர்கள் மறந்துவிடுகிறோம்.

அதை வகுப்பறையில் செய்து பார்த்தவர் எலியட் ஆரன்சன். 1971, டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரம். வெள்ளை, கறுப்பு, மெக்சிகப் பிள்ளைகள் அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் இருந்துவிட்டு அப்போதுதான் ஒரே வகுப்புக்கு வந்திருந்தார்கள். தினம் சண்டை. அவர் பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். ஐந்தாறு பேர் கொண்ட குழு, ஆளுக்கு ஒரு துண்டு. ஒரே துண்டை வைத்திருப்பவர்கள் குழு மாறிக் கூடிப் பேசித் தெளிவாகிக்கொள்வார்கள். பிறகு தன் குழுவுக்குத் திரும்பி வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். தேர்வு முழுப் பாடத்திலிருந்தும் வரும். பக்கத்தில் இருப்பவன் சொல்வதைக் கேட்காவிட்டால் நமக்குத்தான் மார்க் போகும். ஜிக்சா என்று பெயர்.

போன ஜனவரியில் ஏழாம் வகுப்பில் செய்தேன். ஃபெஞ்சல் புயல் வந்து தென்பெண்ணை கரை புரண்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, பல பிள்ளைகளின் புத்தகத்தில் சேறு காய்ந்த கறை. பேரிடர் பாடத்தை ஐந்தாக வெட்டினேன்: நிலநடுக்கம், சுனாமி, புயல், வெள்ளம், தீ. மீனவர் குப்பத்திலிருந்து வரும் ஒரு பையன். அவனுக்கு வகுப்பில் பெயர் "கருவாடு". அவன் பக்கத்தில் உட்காரும்போது மூக்கைப் பொத்துவது ஒரு விளையாட்டு. அவனிடம் சுனாமியைக் கொடுத்தேன்.

முதல் நாள் குழுவில் அவன் தாளைப் பார்த்து முணுமுணுவென்று வாசித்தான். ஒரு பெண் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தன் மூக்கைத் தொட்டான். பக்கத்தில் போய்ச் சொன்னேன்: "மணி அடிக்க பத்து நிமிஷம் இருக்கு. அப்புறம் டெஸ்ட். சுனாமி இவன்கிட்ட மட்டும்தான் இருக்கு." அதட்டவில்லை, அவ்வளவுதான் சொன்னேன். ஜன்னல் பார்த்த பெண் திரும்பி, "அது எப்பிடிடா வரும், கடல் பொங்குமா?" என்றாள். அவன் தாளைக் கீழே வைத்துவிட்டான். 2004 டிசம்பர் 26 காலையில் முதலில் கடல் எவ்வளவு தூரம் பின்வாங்கியது, மணலில் மீன் துள்ளியது, பிடிக்கப் போனவர்கள், ஆயா தென்னையைக் கட்டிக்கொண்டு நின்றது என்று ஆயா சொன்னதையெல்லாம் சொன்னான். அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மூக்குப் பொத்துவது அன்றே நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். மூன்று வாரம் போல ஆனது. "கருவாடு" மட்டும் எப்போதாவது இன்னும் வருகிறது.

14 ஜூலை

பிள்ளைகளைப் 'ப' வடிவில் உட்கார வைப்பது பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். கடைசி பெஞ்ச் இல்லாமல் போவது நல்லதுதான். என் வகுப்பில் 43 பேர், அறை நீளம் பத்தாது, ஓரத்துப் பிள்ளைகள் கழுத்தைத் திருப்பியே உட்கார வேண்டியிருக்கிறது. குழுவாக வேலை செய்யும் நாளில் மட்டும் பெஞ்சைத் திருப்புகிறோம்.

27 ஜூலை

13-ஆம் தேதி எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. எழுத்தில் இல்லை, நான் செய்ததில். அந்தப் பையனே சுட்டிக்காட்டினான்.

அவன் இப்போது எட்டாவது. வெள்ளிக்கிழமை குழுவுக்குத் துண்டு பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்டான்: "டீச்சர், எனக்கு மட்டும் ஏன் எப்பவும் கடலே குடுக்கறீங்க?"

நோட்டை எடுத்துப் பார்த்தேன். சுனாமி. அப்புறம் துறைமுகம். அப்புறம் மீன்வளம். இப்போது கடல் நீரோட்டம். நாலும் கடல். அவனைப் பெருமைப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அவனை மூக்கைப் பொத்திக் குப்பத்துப் பையன் என்றார்கள், நான் கைதட்டிக் குப்பத்துப் பையன் என்றிருக்கிறேன். அவனுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டேன். "எரிமலை டீச்சர்" என்றான்.

மகிழ் முற்றத்திலும் இதே கதை நடந்திருக்கும். போன நவம்பரில் தொடங்கி, பள்ளியைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று அணி பிரித்தோமே, அப்போது குப்பத்துப் பிள்ளைகளை நெய்தலில் போட்டால் பொருத்தமாக இருக்கும் என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு வந்தது. நல்லவேளை, கலந்து போட்டோம். அவன் பாலை. விளையாட்டு விழா அன்று பாலை அணித் தலைவி வந்து, "டீச்சர், பாலைல தண்ணியே கிடையாதாம், எங்களுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா ரஸ்னா குடுங்க" என்று கேட்டாள். கொடுத்தேன். அணியில் ஏழெட்டு ஊர்ப் பிள்ளைகள், எல்லாம் ஒரே குடத்தைச் சுற்றி நின்றார்கள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

அகர வரிசைக்குத் திரும்பி வருகிறேன். பாதிப் பிரச்சினை தீரும் என்று ஜூன் 14-ல் எழுதினேன். தீராது. 'அ' பிள்ளைகள் வருஷம் முழுக்க முன் வரிசை, 'வி' பிள்ளைகள் வருஷம் முழுக்கப் பின் வரிசை. கண்ணாடி போட்ட பிள்ளை பின்னால் மாட்டிக்கொள்ளும். நான் மாதத்துக்கு ஒருமுறை வரிசையைச் சுழற்றுகிறேன்.

ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று அதில் கிடைத்தது.

ஆறாம் வகுப்பில் ஒரு இருளர் பையன். அப்பா அம்மா செங்கல் சூளைக்குப் போகும்போது கூடவே போய்விடுவான், மாதக் கணக்கில் வர மாட்டான். ஐந்தாவது வரை இப்படித்தான். பிள்ளைகள் இஷ்டப்படி உட்கார்ந்தபோது, அவன் இல்லாத இடத்தை நாலு நாளில் வேறு யாராவது நிரப்பிவிடுவார்கள். திரும்பி வரும்போது அவனுக்கு இடமே இருக்காது, கதவோரம் நிற்பான். மறுபடி வராமல் போவான். பதிவேட்டில் 'தொடர் விடுப்பு' என்று எழுதி நாமும் மறந்துவிடுவோம்.

இந்த வருஷம் அகர வரிசை. பெயர் பட்டியலில் இருக்கிறது, ஆகவே அவன் இடம் காலியாகவே இருந்தது. பக்கத்தில் உட்காரும் பையன் முதல் வாரத்திலிருந்தே கேட்க ஆரம்பித்துவிட்டான். "டீச்சர், இவன் எப்ப வருவான்?" "டீச்சர், இவன் யாரு, எப்பிடி இருப்பான்?" பார்த்ததே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் கேட்டதால்தான் நான் தலைமையாசிரியரிடம் போனேன், வட்டார வள மையத்தில் சொன்னோம், ஆள் போய்ப் பேசினார்கள். ஜூலை கடைசி வாரம் பையன் வந்து சேர்ந்தான். தயங்கித் தயங்கிக் கதவோரம் நின்றான்.

பக்கத்துப் பையன் எழுந்து, "டேய், இங்கடா, இது உன் எடம்" என்றான். பெஞ்சுக்கடியிலிருந்து புத்தகக் கட்டை எடுத்து வைத்தான். இலவசப் புத்தகங்கள் ஜூனிலேயே வந்து வாங்க ஆளில்லாமல் என் மேசையில் கிடந்தவை, இவன்தான் கேட்டு வாங்கி வைத்திருந்தான். எல்லாவற்றுக்கும் பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, அவன் பெயரை எழுதி வைத்திருந்தான். பெயரில் ஒரு எழுத்துப் பிழை. வந்தவன் பேனா வாங்கி அதைத் திருத்தினான்.

சாதிச் சான்றிதழ் இன்னும் அவனுக்கு இல்லை. இருளர் பிள்ளைகள் பலர் மேல்படிப்புக்குப் போகும்போது தடுக்கி விழுகிற இடம் அதுதான். இப்போதே மனு எழுத வேண்டும்.

10 ஆகஸ்ட்

நெய்வேலி நண்பர் பெற்றோரைப் பற்றி ஏன் எதுவும் சொல்லவில்லை என்கிறார். எனக்குத் தெரிந்த ஒரே வழி சாப்பாடு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று எங்கள் பள்ளியில் பெற்றோரும் சத்துணவை வரிசையில் நின்று வாங்கிச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முதல் தடவை ஏழு பேர், போன தடவை இருபத்தைந்து பேர் இருக்கும். வராதவர்கள் வரவில்லை. ஒரு அப்பா தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுப் போனார். வடலூர் தருமசாலையில் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை, வருகிறவரை யாரென்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். அதே மாவட்டத்தில்தான் இவரும் நின்றுகொண்டு சாப்பிட்டார். அடுத்த கூட்டத்துக்கும் அவருக்குத் தாள் அனுப்புவேன்.

17 ஆகஸ்ட்

முதுநகர் அம்மா எழுதியிருக்கிறார். பையன் "எங்கம்மாகிட்ட உங்கம்மாவையே கேக்கச் சொல்லு" என்று சொன்னானாம். அந்த அம்மா இதுவரை கேட்கவில்லை. வகுப்பில் உட்காரும் இடம் மாறியிருக்கிறது. இரண்டு பையன்களும் சேர்ந்துதான் சைக்கிளில் வருகிறார்கள். சாதியைப் பற்றி வீட்டில் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினார்களாம், மாமியாரும் கூட உட்கார்ந்திருந்தாராம். என்ன பேசினார்கள் என்று அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

உறைக்கு ஒட்டும் பசை எது நல்லது என்று ஒரு டீச்சர் கேட்டிருந்தார். ஸ்டேப்ளர் வேண்டாம், பிரிப்பது சுலபம். மைதாப் பசையே போதும்.

நாளை திங்கள், எட்டாம் வகுப்புக்குப் பாறைப் பாடம் திருப்புதல். இந்தத் தடவை நான் பிரித்துக் கொடுக்கப் போவதில்லை. சீட்டு எழுதி மடித்து டப்பாவில் போட்டிருக்கிறேன், அவர்களே எடுக்கட்டும். தீப்பாறை யாருக்கு வருகிறதோ அவருக்கு எரிமலை. அவனுக்கு வராவிட்டால் மாற்றிக்கொள்ள யாராவது சம்மதிப்பார்களா என்று அவனே கேட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.